பி.இ. பட்டம் வெளிநாட்டில் செல்லுமா? என்.பி.ஏ., டயர், வாஷிங்டன் ஒப்பந்தம்: சரிபார்க்கும் வழி

"அங்கீகாரம் பெற்ற கல்லூரி" என்று பேனரில் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது, எந்த அங்கீகாரம் என்பதுதான். இரண்டு வேறு காரியங்களுக்குத் தமிழில் இந்த ஒரே சொல்லைப் போட்டு வைத்திருக்கிறோம். ஏ.ஐ.சி.டி.இ. என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு தருவது நடத்துவதற்கான அனுமதி. அது இல்லாமல் தனியார் பொறியியல் கல்லூரி கதவே திறக்க முடியாது. அதைப் பெருமையாகப் பேனரில் போடுவது, எங்கள் பஸ்ஸுக்கு ஆர்.சி. புக் இருக்கிறது என்று போர்டு மாட்டுவது மாதிரி. என்.பி.ஏ. என்ற தேசிய தரச்சான்று வாரியம் தருவது வேறு. ஒரு குறிப்பிட்ட படிப்பை ஆட்கள் நேரில் வந்து பார்த்து, மதிப்பெண் போட்டு, 3 அல்லது 6 வருடத்துக்கு "இது தரமாக நடக்கிறது" என்று எழுதிக் கொடுப்பது. குழப்பம் வராமலிருக்க இந்தக் கட்டுரையில் முதலாவதை அனுமதி என்றும் இரண்டாவதைத் தரச்சான்று என்றும் சொல்கிறோம்.

நாக் என்பது கல்லூரி முழுவதற்கும் தரும் கிரேடு. என்.ஐ.ஆர்.எஃப். என்பது தரவரிசைப் பட்டியல். இரண்டும் நல்லவைதான். ஆனால் நாக்கில் ஏ பிளஸ் பிளஸ் வாங்கிய கல்லூரியின் சிவில் பட்டம் ஆஸ்திரேலியாவில் நேரடியாக ஏற்கப்படுமா என்ற கேள்விக்கு அந்த இரண்டிலும் பதில் கிடையாது.

பதில் இருக்கும் இடம் வாஷிங்டன் ஒப்பந்தம். 1989-ல் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய 6 நாடுகளின் பொறியியல் தரச்சான்று அமைப்புகள் கையெழுத்திட்டுத் தொடங்கியது இது. ஜப்பான், சிங்கப்பூர், கொரியா, மலேசியா என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து இப்போது 20-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். இந்தியா சார்பில் என்.பி.ஏ. நிரந்தர உறுப்பினரானது 2014 ஜூன் 13-ல். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் முழு உறுப்பினரானதும் அதே 2014-ல்தான். உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது இவ்வளவே: "நீ தரச்சான்று கொடுத்த நான்கு வருடப் பொறியியல் படிப்பை, நான் தரச்சான்று கொடுத்த படிப்புக்கு ஏறக்குறையச் சமமாக ஏற்கிறேன்." விசாவைப் பற்றியோ வேலையைப் பற்றியோ பொறியாளர் லைசன்ஸைப் பற்றியோ அதில் ஒரு வாக்குறுதியும் இல்லை. படிப்பு என்ற ஒரு படியை மட்டும் இது தாண்ட வைக்கும். அந்த ஒரு படியில்தான் பலருக்கு ஒரு வருடம் போகிறது.

ஒரு பட்டம் இந்த ஒப்பந்தத்துக்குள் வர நான்கு விஷயங்கள் என்.பி.ஏ. பட்டியலின் ஒரே வரியில் பொருந்த வேண்டும். படிப்பின் பெயர், வளாகம், டயர் (தரச்சான்றின் அடுக்கு), முடித்த வருடம். மூன்று பொருந்தி ஒன்று பொருந்தாவிட்டாலும் பட்டம் வெளியேதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படி 1: படிப்பின் பெயர்

பட்டச் சான்றிதழை எடுத்து அதில் அச்சாகியிருப்பதை எழுத்துக்கு எழுத்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "கம்ப்யூட்டர் சயின்ஸ்" என்று பேச்சுவழக்கில் சொல்வது போதாது. பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் இன்ஜினியரிங் ஒரு படிப்பு, பி.டெக். இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி இன்னொன்று. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று தொடங்கி அடைப்புக்குறிக்குள் சைபர் செக்யூரிட்டி என்று முடிவது மூன்றாவது. ஒரே மாடியில், அதே ஆசிரியர்கள் நடத்தினாலும் தரச்சான்று மூன்றுக்கும் தனித்தனி. கல்லூரிக்கு மொத்தமாக என்.பி.ஏ. கிடைப்பதில்லை. "என்.பி.ஏ. தரச்சான்று பெற்றது" என்று நுழைவாயில் வளைவில் எழுதியிருக்கும் கல்லூரியில் 9 துறைகளில் 3-க்கு மட்டும் இருக்கலாம்.

வாஷிங்டன் ஒப்பந்தம் இளநிலைப் பொறியியலுக்கு மட்டும். பாலிடெக்னிக் டிப்ளமோவுக்கும், எம்.சி.ஏ., எம்.பி.ஏ.வுக்கும் என்.பி.ஏ. தரச்சான்று கொடுக்கிறது; அவை இந்த ஒப்பந்தத்துக்குள் வராது. எம்.இ. முடித்தவர்கள் அடிக்கடி ஏமாறும் இடமும் இதுதான். பி.இ. ஒப்பந்தத்துக்கு வெளியே இருந்தால், பெரிய பெயருள்ள இடத்தில் எம்.இ. படித்தாலும் அது பி.இ.யை உள்ளே இழுத்துக்கொண்டு வராது.

படி 2: வளாகம்

தமிழ்நாட்டில் அதிகம் பேர் வழுக்கி விழுவது இங்கே. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த நூற்றுக்கணக்கான கல்லூரிகளின் மாணவர்களுக்கும் பட்டத்தின் தலைப்பில் "அண்ணா பல்கலைக்கழகம்" என்றுதான் இருக்கும். இணையத்தில் தேடினால் அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகமான கிண்டியின் ஒரு படிப்புக்கு டயர்-1 தரச்சான்று என்று வருகிறது. "என் பட்டமும் அண்ணா யுனிவர்சிட்டிதானே" என்று நினைத்து விண்ணப்பித்தால், மதிப்பீட்டு அதிகாரி மார்க்‌ஷீட்டில் இருக்கும் கல்லூரிப் பெயரைப் பார்ப்பார். பட்டம் கொடுத்தது யார் என்பதை விட, வகுப்பு எங்கே நடந்தது என்பதுதான் கணக்கு.

அதனால் கல்லூரிப் பெயர் தெளிவாக இருக்கும் ஒரு ஆவணமாவது கையில் வேண்டும். பட்டச் சான்றிதழில் கல்லூரிப் பெயர் இல்லையென்றால் மார்க்‌ஷீட், டி.சி., கோர்ஸ் கம்ப்ளீஷன் சான்றிதழ் ஆகியவற்றில் தேடுங்கள். இடையில் கல்லூரி பெயர் மாறியிருந்தால், பழைய பெயரும் புதிய பெயரும் ஒன்றுதான் என்று முதல்வர் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்குங்கள். மாணவர் சேர்க்கை குறைந்து மூடப்பட்ட பொறியியல் கல்லூரிகள் நம் மாநிலத்தில் பல. கல்லூரி திறந்திருக்கும்போதே வாங்கிவிட வேண்டிய கடிதம் அது.

படி 3: டயர்

இந்தியாவுக்கே உரிய முடிச்சு இது. என்.பி.ஏ. இரண்டு அடுக்குகளில் தரச்சான்று கொடுக்கிறது. பல்கலைக்கழகங்களும், பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ளும் ஆட்டானமஸ் கல்லூரிகளும் டயர்-1. பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தை அப்படியே நடத்தும் இணைப்புக் கல்லூரிகள் டயர்-2. வாஷிங்டன் ஒப்பந்தம் ஏற்பது டயர்-1-ஐ மட்டும்.

ஏன் இந்தப் பாகுபாடு? ஒப்பந்தத்தின் அடிப்படை எதிர்பார்ப்பு ஒரு சுற்று. மாணவன் என்ன கற்றுக்கொண்டான் என்று அள, குறை எங்கே என்று பார், அதற்கேற்பப் பாடத்தை மாற்று, மறுபடி அள. இணைப்புக் கல்லூரியால் அளக்க முடியும், குறையைக் கண்டுபிடிக்கவும் முடியும். பாடத்திட்டத்தை மாற்ற முடியாது. அது கிண்டியில் தீர்மானமாவது. சுற்று மூன்றாவது இடத்தில் அறுந்துபோகிறது. கல்லூரி என்.பி.ஏ.வுக்குக் கொடுக்கும் சுய மதிப்பீட்டு அறிக்கையில் பல வருடம் புழக்கத்தில் இருந்த மதிப்பெண்களே இதைக் காட்டிக்கொடுக்கும். இரண்டு அடுக்குக்கும் மொத்தம் 1000. கற்றல் விளைவுகளை அளக்கும் பகுதிக்கு டயர்-1-ல் 175, டயர்-2-ல் 120. மாணவர் தேர்ச்சிக்கு நேர்மாறாக, டயர்-1-ல் 100, டயர்-2-ல் 150.

டயர்-2 என்றால் இரண்டாம் தரக் கல்வி என்று அர்த்தமில்லை. நல்ல ஆசிரியர்கள் உள்ள இணைப்புக் கல்லூரி, பெயருக்கு ஆட்டானமஸ் ஆன கல்லூரியை விட நன்றாகவே கற்றுத்தரலாம். ஆனால் வெளிநாட்டு மதிப்பீட்டு அலுவலகத்தில் இந்த நியாயம் எடுபடாது.

கடந்த சில வருடங்களில் ஆட்டானமஸ் ஆன கல்லூரிகளில் ஒரு சிக்கல் உண்டு. ஆட்டானமஸ் உத்தரவு வந்த அன்றே டயர்-1 வந்துவிடாது. கல்லூரி அதற்குத் தனியாக விண்ணப்பித்து, குழு வந்து பார்த்து, புதிய கடிதம் வர வேண்டும். அதுவரை கையில் இருப்பது பழைய டயர்-2 கடிதம். "நாங்கள் ஆட்டானமஸ், என்.பி.ஏ.வும் இருக்கிறது" என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னால், கடிதத்தில் டயர் என்ன என்று கேளுங்கள்.

படி 4: வருடம்

என்.பி.ஏ. கடிதத்தின் இணைப்பில் ஒரு அட்டவணை இருக்கும். ஒவ்வொரு படிப்புக்கும் எதிரே, உதாரணமாக, "கல்வியாண்டு 2019-20 முதல் 2021-22 வரை, அதாவது 30-06-2022 வரை" என்று எழுதியிருக்கும். இதில் பொருத்திப் பார்க்க வேண்டியது நீங்கள் சேர்ந்த வருடத்தை அல்ல, முடித்த வருடத்தை.

மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். 2017-ல் சேர்ந்து 2021 ஏப்ரலில் முடித்தவர் உள்ளே. 2019-ல் சேர்ந்து 2023-ல் முடித்தவர், படித்த நாட்களில் முக்கால்வாசி தரச்சான்று இருந்திருந்தாலும், புதுப்பிப்புக் கடிதம் இல்லையென்றால் வெளியே. மூன்றாமவர் 2018 பேட்ச். 2022 மே மாதம் முடித்திருக்க வேண்டியவர், ஒரு அரியர் நின்று நவம்பரில் எழுதித் தேறினார். பட்டத்தில் அச்சாகியிருப்பது 2022 நவம்பர். வகுப்பில் பக்கத்து பெஞ்சுக்காரர் உள்ளே, இவர் புதுப்பிப்புக் கடிதத்தை நம்பி நிற்கிறார். ஒரு அரியரின் விலை சில சமயம் இவ்வளவு தூரம் வரும்.

2014-க்கு முன் முடித்தவர்கள் இந்தக் கணக்கையே போட வேண்டாம். இந்தியா அப்போது முழு உறுப்பினர் இல்லை. நேராக, ஒப்பந்தத்தில் வராதவர்களுக்கான வழிக்குப் போங்கள். அது கீழே இருக்கிறது.

"ரினியூவலுக்கு அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்" என்பது தரச்சான்று இல்லை. ஒரு கடிதம் முடிந்து அடுத்தது தொடங்கும் வரை இடைவெளி விழுவது உண்டு. அந்த இடைவெளியில் முடித்த பேட்ச் அந்தரத்தில் நிற்கும். கொரோனா காலத்தில் சில படிப்புகளுக்குத் தனி நீட்டிப்புக் கடிதம் வந்தது. அந்த வருடங்களில் முடித்தவர்கள் மூலக் கடிதத்தோடு நீட்டிப்புக் கடிதத்தின் நகலையும் கேட்டு வாங்க வேண்டும்.

படி 5: பட்டியலில் பார்த்து, சேமித்து வைத்தல்

கல்லூரி சொல்வதை வைத்து நிறுத்திவிடாதீர்கள். என்.பி.ஏ. தளத்தில் தரச்சான்று பெற்ற படிப்புகளின் பட்டியல் மாநில வாரியாக, கல்லூரி வாரியாக இருக்கிறது. வாஷிங்டன் ஒப்பந்தத்தை நிர்வகிக்கும் சர்வதேசப் பொறியியல் கூட்டமைப்பின் தளத்தில், பட்டத்தைச் சரிபார்க்கும் வசதியும் உண்டு. இரண்டிலும் பாருங்கள். உங்கள் வரி கிடைத்ததும் அந்தப் பக்கத்தை முகவரியும் தேதியும் தெரியும்படி பி.டி.எஃப்.ஆக இறக்கிவையுங்கள். இன்று நடப்பில் இருக்கும் வரி, ஐந்து வருடம் கழித்து நீங்கள் விண்ணப்பிக்கும்போது கண்ணில் படும் இடத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

பிறகு கல்லூரி அலுவலகத்தில் என்.பி.ஏ. கடிதத்தின் நகலைக் கேளுங்கள். முதல் பக்கம் மட்டும் கொடுப்பார்கள். முதல் பக்கத்தில் வாழ்த்தும் நிபந்தனைகளும்தான் இருக்கும். படிப்பின் பெயரும் காலமும் இருப்பது இணைப்பில். இணைப்பு இல்லாத நகலை வாங்காதீர்கள்.

இதோடு ஒரே கோப்பில் சேர்க்க வேண்டியவை: பட்டச் சான்றிதழ், எல்லா செமஸ்டர் மார்க்‌ஷீட்டுகள், பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் முத்திரையிட்டுத் தரும் டிரான்ஸ்கிரிப்ட், நீங்கள் படித்த ரெகுலேஷனின் பாடத்திட்டம். ரெகுலேஷன் 2013, 2017, 2021 என்று மாறிக்கொண்டே இருக்கும். தளத்தில் இருக்கும் புதியதை இறக்கி வைத்தால், பாடக் குறியீடு மார்க்‌ஷீட்டோடு பொருந்தாமல் கேள்வி வரும்.

எந்த நாட்டில் இது எவ்வளவு தூரம் பேசும்

வித்தியாசம் பளிச்சென்று தெரிவது ஆஸ்திரேலியாவில். குடியேற்றத்துக்கான பொறியாளர் திறன் மதிப்பீட்டை அங்கே இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா செய்கிறது. பட்டம் வாஷிங்டன் ஒப்பந்தத்துக்குள் இருந்தால் அதற்கென்று தனிப் பாதை: ஆவணங்களும் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணும் கொடுத்தால் படிப்புப் பகுதி முடிந்துவிடும். இல்லையென்றால் சி.டி.ஆர். என்ற திறன் விளக்க அறிக்கை எழுத வேண்டும். ஒவ்வொன்றும் 1000 முதல் 2500 வார்த்தையில், நீங்களே செய்த வேலையைப் பற்றி மூன்று அனுபவக் கட்டுரைகள். ஒவ்வொரு பத்திக்கும் 1.1, 1.2 என்று எண். பிறகு, புரொஃபெஷனல் இன்ஜினியர் என்ற வகைக்கு, 16 திறன் கூறுகளில் ஒவ்வொன்றுக்கும் எந்தப் பத்தியில் ஆதாரம் இருக்கிறது என்று காட்டும் சுருக்க அட்டவணை. வேலையும் பார்த்துக்கொண்டு இதை ஒழுங்காக எழுத மாதக்கணக்கு ஆகும். பணம் வாங்கிக்கொண்டு எழுதித்தரும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் பத்துப் பேருக்கு ஒரே பாலத்தைக் கட்டிக் கொடுப்பார்கள். நகல் என்று கண்டுபிடிக்கப்பட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதோடு மறுபடி விண்ணப்பிக்கவும் தடை வரும்.

ஐ.டி. வேலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சாஃப்ட்வேர் பணிகளுக்கு ஆஸ்திரேலியாவில் மதிப்பீடு செய்வது இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா அல்ல, ஆஸ்திரேலியன் கம்ப்யூட்டர் சொசைட்டி. அங்கே கணக்கு வேறு. டயர்-1-க்காக இவர்கள் தூக்கம் கெட வேண்டியதில்லை.

கனடாவில் நிரந்தரமாகக் குடியேறும் உரிமைக்காக டபிள்யூ.இ.எஸ். போன்ற மதிப்பீட்டு அமைப்புகள் செய்யும் பட்ட ஒப்பீடு ஒன்று. பொறியாளராகக் கையெழுத்துப் போடும் லைசன்ஸ் முற்றிலும் வேறு. அதை ஒவ்வொரு மாகாணத்தின் அமைப்பும் தானே தீர்மானிக்கிறது. ஒப்பந்தப் பட்டம் அங்கே உதவும், தானாக லைசன்ஸ் தராது. பிரிட்டனில் சார்ட்டர்ட் இன்ஜினியர் என்ற தொழில்முறைத் தகுதி பெற முதுநிலை அளவுக் கல்வி வேண்டும். நான்கு வருட பி.இ. அதில் ஒரு பகுதியை மட்டும் நிரப்பும்.

அமெரிக்காவில் லைசன்ஸ் மாநிலத்துக்கு மாநிலம். அங்கே எஃப்.இ. என்ற அடிப்படைத் தேர்வு, பிறகு பி.இ. என்று இரண்டு தேர்வுகள். (இந்த பி.இ. என்பது புரொஃபெஷனல் இன்ஜினியர். நம் பட்டத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) வெளிநாட்டுப் பட்டத்தைப் பெரும்பாலும், அந்தத் தேர்வுகளை நடத்தும் என்.சி.இ.இ.எஸ். அமைப்பின் மூலம் மதிப்பீடு செய்யச் சொல்வார்கள். ஏபெட் என்ற அமெரிக்கத் தரச்சான்று நேரடியாக இருந்தால் வழி சுருங்கும். ஏபெட் அமெரிக்காவுக்கு வெளியேயும் தரச்சான்று கொடுக்கிறது. தமிழ்நாட்டிலும் சில படிப்புகளுக்கு உண்டு. இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஏபெட்டுக்குள் நான்கு ஆணையங்கள். பொறியாளர் லைசன்ஸுக்குப் பேசுவது பொறியியல் ஆணையம் கொடுத்தது. கம்ப்யூட்டிங் ஆணையம் கொடுத்ததைக் காட்டி "எங்களுக்கு ஏபெட் இருக்கிறது" என்றால் அது உண்மைதான், உங்கள் தேவைக்கு உதவாத உண்மை. இரண்டு, வாஷிங்டன் ஒப்பந்தம் ஏற்பது ஒவ்வொரு உறுப்பினரும் தன் எல்லைக்குள் கொடுத்த தரச்சான்றை மட்டும். வேலூரிலோ சென்னையிலோ நடக்கும் படிப்புக்கு ஏபெட் கொடுத்தால், அது அமெரிக்காவில் பேசும். ஒப்பந்தத்தின் வழியாக ஆஸ்திரேலியாவுக்குப் போகாது. அங்கே போக வேண்டுமென்றால் என்.பி.ஏ. டயர்-1-தான் வேண்டும். கட்டணத்தில் பெரிய வித்தியாசம் காட்டும் கல்லூரிகளில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அட்மிஷன் கவுன்டரில் பதில் வராது.

ஜெர்மனி இந்த ஒப்பந்தத்தில் இல்லை. அங்கே பார்ப்பது அனாபின் என்ற அரசுத் தரவுத்தளம். உங்கள் கல்வி நிறுவனத்துக்கு எதிரே எச் பிளஸ் என்ற குறி இருக்கிறதா, பட்டம் எதற்குச் சமமாகப் போட்டிருக்கிறது என்று இரண்டையும் பாருங்கள்.

குவைத்தின் கதை தனி. 2018-ல் அங்கே பொறியாளர் என்ற பணிப்பெயரில் இருப்பவர்கள் இகாமா என்ற வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்க, குவைத் பொறியாளர் சங்கத்தின் தடையில்லாச் சான்று கட்டாயமானது. சங்கம் இந்தியப் பட்டங்களைச் சரிபார்க்க என்.பி.ஏ. பட்டியலைக் கையில் எடுத்தது. 15, 20 வருடம் அங்கே வேலை பார்த்தவர்கள், தாங்கள் படித்தபோது யாரும் காதில் போடாத ஒரு தரச்சான்றைத் தேடி ஊருக்குப் போன் போட்டார்கள். என்.பி.ஏ. தொடங்கியதே 1994-ல், ஏ.ஐ.சி.டி.இ.யின் கீழ், தனி அமைப்பானது 2010-ல். 1994-க்கு முன் முடித்தவருக்குச் சான்று எங்கிருந்து வரும்? என்.பி.ஏ. பக்கமே போகாத, நாடறிந்த நிறுவனங்களில் படித்தவர்களும் சேர்ந்தே மாட்டினார்கள். குவைத் வாஷிங்டன் ஒப்பந்த உறுப்பினர் அல்ல. ஒப்பந்தத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நாடு, தன் வசதிக்காக அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே பாடம்.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மாநில உயர்கல்வித் துறை, வெளியுறவு அமைச்சகம், அந்த நாட்டுத் தூதரகம் என்று மூன்று இடத்தில் முத்திரை குத்தி வாங்கும் அட்டெஸ்டேஷன், "இந்தத் தாள் போலியில்லை" என்று மட்டும் சொல்லும். படிப்பின் தரத்தைப் பற்றி அது பேசாது. ஏஜென்ட் "எல்லாம் அட்டெஸ்ட் பண்ணியாச்சு" என்றால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

நான்கில் ஒன்று பொருந்தவில்லை என்றால்

பட்டத்தை மாற்ற முடியாது; பாதையை மாற்றலாம். ஆஸ்திரேலியாவுக்கு சி.டி.ஆர்., அமெரிக்காவுக்கு என்.சி.இ.இ.எஸ். மதிப்பீடு, கனடாவில் மாகாண அமைப்பு கேட்கும் கூடுதல் தேர்வுகளோ அனுபவச் சான்றோ, பிரிட்டனில் கூடுதல் படிப்பு. எல்லாவற்றுக்கும் பொதுவாக உதவுவது வேலை அனுபவத்தின் எழுத்துச் சாட்சி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் அரைப் பக்கக் குறிப்பு எழுதி வையுங்கள்: இடம், தேதி, உங்கள் பொறுப்பு, நீங்கள் போட்ட கணக்கு, வந்த சிக்கல், எடுத்த முடிவு. "எங்கள் டீம் செய்தது" என்று எழுதினால் சி.டி.ஆரில் செல்லாது, "நான் செய்தேன்" என்று எழுதக்கூடிய பகுதியைத் தனியாகக் குறியுங்கள். வேலை மாறும்போது அனுபவக் கடிதத்தில் பதவி, தேதியோடு பணியின் விவரமும் வரும்படி கேளுங்கள். இரண்டு வருடம் கழித்துப் போனால் எச்.ஆரில் உங்களைத் தெரிந்தவர் இருக்க மாட்டார்.

இப்போதுதான் சேரப் போகிறவர்களுக்கு

கவுன்சலிங்கில் சாய்ஸ் நிரப்பும்போது கல்லூரி கோடு, பிரிவு கோடு என்று இரண்டையும் எழுதுவீர்கள். பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, அந்தப் பிரிவுக்கு என்.பி.ஏ. உண்டா, எந்த டயர், எந்தத் தேதி வரை என்று எழுதிக்கொள்ளுங்கள். 20 கல்லூரிகளுக்கு இதைச் செய்ய ஒரு மாலை போதும். உங்கள் பிள்ளை முடிக்கப்போவது நான்கு வருடம் கழித்து. இன்றைய கடிதம் அதற்குள் காலாவதியாகலாம். ஆகவே இன்று இருக்கிறதா என்பதோடு, இதுவரை எத்தனை முறை இடைவெளி இல்லாமல் புதுப்பித்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். மூன்றாவது முறை புதுப்பித்த துறை நான்காவது முறையும் புதுப்பிக்க வாய்ப்பு அதிகம்.

புதிய பிரிவுகளில் எச்சரிக்கை வேண்டும். குறைந்தது இரண்டு பேட்ச் முடித்து வெளியேறிய பிறகுதான் ஒரு படிப்பு என்.பி.ஏ.வுக்கு விண்ணப்பிக்கவே முடியும். 2020-ல் தொடங்கிய ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் என்றால் முதல் பேட்ச் 2024, இரண்டாவது 2025. அதற்கு முன் அந்தப் பிரிவுக்குத் தரச்சான்று இருப்பதாக யார் சொல்லியிருந்தாலும் பக்கத்துத் துறையின் கடிதத்தைத்தான் காட்டியிருப்பார்கள். 2023-ல் தொடங்கிய பிரிவுக்குக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

கல்லூரியை நேரில் பார்க்கப் போனால், கட்டடத்தையும் பஸ்ஸையும் பார்த்த பிறகு துறைக்குள் போய் ஒரு பழைய இன்டர்னல் தேர்வு வினாத்தாளைக் கேளுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே சி.ஓ.2, சி.ஓ.3 என்று ஒரு குறி இருக்கும். அந்தப் பாடத்தின் எந்தக் கற்றல் விளைவை அந்தக் கேள்வி சோதிக்கிறது என்பது அது. கற்றல் விளைவுகளை அளக்கும் மொத்தக் கணக்கும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தில் மூன்றாவது விளைவு, ஒரு அமைப்பு நிலையாக நிற்குமா என்று போடே வரைபடம் போட்டுக் கணிப்பது என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் 60 பேர். துறை வைத்த இலக்கு, அந்தக் கேள்விகளில் 60 சதவீத மதிப்பெண். இன்டர்னலில் 45 பேர் எட்டினார்கள், அதாவது 75 சதவீதம். 70-க்கு மேல் என்றால் நிலை 3 என்று துறை வைத்திருக்கிறது. செமஸ்டர் தேர்வில் 38 பேர், 63 சதவீதம்; 60 முதல் 70 வரை நிலை 2. இன்டர்னலுக்கு 40, செமஸ்டருக்கு 60 என்ற எடையில் 3 × 0.4 + 2 × 0.6 = 2.4. இந்த விளைவு, "சிக்கலைப் பகுத்தாய்தல்" என்ற பட்ட அளவிலான விளைவோடு 2 என்ற வலுவில் இணைக்கப்பட்டிருந்தால், அதற்குப் போய்ச் சேருவது 2 × 2.4 ÷ 3 = 1.6. துறையின் இலக்கு 1.8 என்றால் 0.2 குறைகிறது. இனிதான் நிஜ வேலை: அடுத்த வருடம் என்ன மாற்றினார்கள்? கூடுதல் டுடோரியலா, லேபில் ஒரு பரிசோதனையா, பாடத்திட்டத்தில் மாற்றமா? அந்த மாற்றத்துக்குப் பிறகு எண் ஏறியதா?

பட்ட அளவிலான விளைவுகள் முன்பு 12 இருந்தன. சர்வதேசக் கூட்டமைப்பு 2021-ல் திருத்திய பட்டியலில் 11, என்.பி.ஏ.வும் புதிய வடிவ அறிக்கையில் அதற்கு மாறியிருக்கிறது. துறைச் சுவரில் இன்னும் 12 தொங்கினால் பலகை பழையது. அதை வைத்து மட்டும் துறையை எடை போட வேண்டாம்.

இந்தக் கணக்கு எங்கே பொய்யாகிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். இணைப்புக் கல்லூரிக்கு செமஸ்டர் தேர்வில் கேள்விவாரி மதிப்பெண் வருவதில்லை. விடைத்தாள் திருத்துவது பல்கலைக்கழகம், கல்லூரிக்கு வருவது கிரேடு மட்டும். அந்த ஒரே கிரேடைப் பாடத்தின் எல்லா விளைவுகளுக்கும் அப்படியே ஒட்டிவிடுவார்கள். அது அவர்கள் குற்றமில்லை, கையில் இருப்பது அவ்வளவுதான். ஆனால் ஆட்டானமஸ் கல்லூரியில் எல்லாப் பாடத்துக்கும் எல்லா விளைவுக்கும் 3, 3, 3 என்று நிரப்பியிருந்தால் விசிட்டுக்கு முந்தின வாரம் உட்கார்ந்து நிரப்பிய எக்செல் அது. எல்லா இலக்கையும் எட்டிவிட்ட துறைக்கு மேம்படுத்த எதுவும் மிச்சமில்லை. மேம்பாட்டைக் காட்டுவதற்கு அறிக்கையில் தனி மதிப்பெண் இருக்கிறது. அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் அந்த எக்செலை மூடிவைத்துவிட்டு, மாணவர்களைத் தனியாகக் கூப்பிட்டு, "போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் இந்தப் பாடத்துல என்னப்பா மாத்தினாங்க?" என்று கேட்பார்.

நீங்களும் அதையே கேட்கலாம். அட்மிஷன் ஆபீசில் கேட்காதீர்கள். கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருக்கும் மூன்றாம் வருட மாணவரிடம் கேளுங்கள்.